ஐந்து நிமிடத்தில் அறிய முடியாத அயலவர்

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி சனிக்கிழமை, காலை 8.00 மணி முதல் 8.05 மணி வரை இலங்கை முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடைபெற்றது. அந்த ஐந்து நிமிடங்களில் வீட்டு வளவிலும் தோட்டத்திலும் கண்ணிற்படும் குரங்கு, மந்தி, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணிப் படிவத்தில் குறிக்குமாறு விவசாய அமைச்சு கேட்டிருந்தது. குரங்குகள் 50 இலட்சத்துக்கும் மேல், மயில்கள் 40 இலட்சத்துக்கும் மேல் என்று பின்னர் அறிவித்தார்கள். அந்த எண்கள் சரியா பிழையா என்று பெரியவர்கள் வாதிட்டார்கள். என் கேள்வி வேறு. எண்ணப்பட்ட இந்த அயலவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

பூவரசங்குளத்தில் வாழும் எவரும் விவசாயியின் கவலையைச் சிறிதாக எண்ண முடியாது. விதைத்த உழுந்தை மயில் கிளறிவிடும். தென்னங்குரும்பையைக் குரங்கு பிடுங்கி எறியும். யானை இறங்கினால் ஒரே இரவில் ஒரு போகத்து உழைப்பு போய்விடும். வெளியூரார் மயிலைக் கண்டால் கைத்தொலைபேசியை எடுப்பார்கள்; நாங்கள் தடியை எடுப்போம். கடன்பட்டு விதைத்தவரிடம் போய் மயிலின் அழகைப் பேச எனக்கு மனம் வராது.

ஆனாலும் அறியாமையால் பயிர் காக்கப்படுவதில்லை. நம் கூரைமேல் தாவும் செங்குரங்கு இலங்கைக்கே உரியது. உலகின் வேறெந்தக் காட்டிலும் அது இல்லை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை பேசப்பட்டபோது, இதை அறிந்து பேசியவர்கள் எத்தனை பேர்? மயில் விதையைத் தின்னும். பூச்சியையும் சிறு பாம்பையும் தின்னும். வயலில் எலியைப் பிடிக்கும் சாரைப்பாம்பைக் கண்டவுடன் அடித்துக் கொல்கிறோம். பிறகு எலி பெருகிவிட்டது என்று முறையிடுகிறோம். சாரை எது, கண்ணாடி விரியன் எது என்று பிரித்தறிவது வயலில் இறங்குபவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட அறிவு.

குரங்கு ஏன் ஊருக்குள் வருகிறது என்பதை அந்தப் படிவம் கேட்கவில்லை. காடு வெட்டப்பட்டதா, குளம் வற்றியதா, நாம் வீதியோரம் கொட்டும் மிச்சச் சோறு அதை அழைத்ததா? இவற்றுக்கு விடை காண ஐந்து நிமிடம் போதாது.

உயர்தர வகுப்பில் உயிரினப் பாகுபாட்டை மனனம் செய்கிறோம். குளக்கட்டில் நிற்பது கொக்கா நாரையா என்று கேட்டால் விழிக்கிறோம். திருக்குர்ஆனில் தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகியவற்றின் பெயர்களிலேயே அத்தியாயங்கள் உள்ளன. அவற்றை ஓதும் பிள்ளைகள் முற்றத்து எறும்பு வரிசையை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டாமா?

தோழியரே, இதற்கு ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். திகதி, நேரம், வந்தது எது, எப்பக்கத்தால் வந்தது, எதைத் தின்றது என்று ஒரு வருடம் எழுதி வாருங்கள். எந்த மாதத்தில் எந்தப் பயிருக்குக் காவல் வேண்டும் என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். நட்டஈடு கேட்டுப் போகும் வாப்பாவின் கையிலும் ஓர் ஆதாரம் இருக்கும்.

"பொம்புளப் புள்ளைக்குக் குளக்கட்டில் என்ன வேலை?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குசினி யன்னலால் பார்த்தாலே செண்பகமும் உடும்பும் கீரியும் தெரியும். நீங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள். ஆட்காட்டி கத்தினால் வளவுக்குள் ஏதோ வந்துவிட்டது என்று சொல்லக்கூடிய உம்மம்மாமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதைக் கேட்டு எழுதிவைக்க நமக்குக் கிடைத்திருக்கும் காலமும் நீண்டதல்ல. இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.