கல்லும் மணலும் எமது. கட்டும் உரிமை எவருக்கு?

இலங்கையின் கட்டடத் தொழில் மீண்டும் தலையெடுக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் கைவிரித்தபோது, நாடெங்கும் அரைகுறையாய் எழுந்த சுவர்கள் அப்படியே நின்றன. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்த பின்னர் நிலைமை மெல்லச் சீர்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வாப் புயலோ வீடுகளையும் பாலங்களையும் பாதைகளையும் சிதைத்து, எந்த அரசாங்கமும் தட்டிக்கழிக்க முடியாத பெருவேலையை விட்டுச் சென்றிருக்கிறது. ஆகவே வேலை வரும். அது எவர் கைக்கு வரும் என்பதே நாம் இன்று எழுப்பும் வினா.

இத்தொழில் ஏன் வீழ்ந்தது என்பதை முதலில் நோக்குவோம். அந்நியக் கடன், அக்கடனைத் தந்த நாட்டின் ஒப்பந்தகாரர், கப்பலில் வந்த இரும்பு, கப்பலில் வந்த தார் என்றவாறே பெருந்திட்டங்கள் பல கட்டப்பட்டன. சீமெந்தின் கதையும் இதுவே. சுண்ணக்கல்லைச் சுட்டுச் சீமெந்தாக்கும் முழுமையான ஆலை புத்தளத்தில் மட்டுமே உண்டு. ஏனையவை இறக்குமதியான கிளிங்கரை அரைத்து அல்லது வந்த சீமெந்தைப் பொதிசெய்து விற்பனவே. டொலர் வற்றிய அன்றே யாவும் வற்றின. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1,000 ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பொதி, 2022இல் 3,000 ரூபாவையும் தாண்டியது. அவ்வாண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில்தேடி வெளிநாடு சென்றனர். அவர்களுள் மேசன்மாரும் தச்சரும் மின்னிணைப்பாளரும் எத்தனை பேர் என்பதை, இன்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட முயல்வோர் நன்கறிவர்.

இத்தகைய தொழிலைப் பழைய வழியிலேயே மீண்டும் எழுப்பினால் பழைய வீழ்ச்சியே வரும். நாட்டுக்குப் பொதுவான இக்குறையோடு, வடக்கு கிழக்குக்கெனத் தனிக்குறை ஒன்றும் உண்டு.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரினால் மூடப்பட்டது. நாற்பது ஆண்டுகள் வலிகாமத்தின் சுண்ணக்கல் நாட்டின் கட்டடங்களுக்குப் பயன்பட்டது. ஆலை போயிற்று, கல் எடுத்த குழிகள் எஞ்சின. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரிமழையைத் தேக்கி வைத்துக் கோடையில் கிணற்றுக்குத் தருவது அந்தச் சுண்ணக்கற் படுகையே என்பதைத் தோட்டம் செய்யும் எவருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பூநகரியை அடுத்த பொன்னாவெளியிற் சுண்ணக்கல் அகழும் முயற்சியை அவ்வூர் மக்கள் எதிர்த்து நின்றனர். அவர்கள் கைத்தொழிலின் பகைவரல்லர். தங்கள் கிணற்றுக்குள் உவர்நீர் புகுந்தபின் எந்த ஆலையின் சம்பளமும் அதற்கு ஈடாகாது என்பதை அறிந்தவர்கள். மணலின் நிலையும் அதுவே. எங்கள் ஆற்றோரங்களிலும் கரையோரங்களிலும் மணலை ஏற்றிய வண்டிகள் போனபின் எஞ்சுவது பள்ளமும் பழுதான வீதியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி அகழ்வு அனுமதி மத்திய பணியகம் ஒன்றின் கையிலே இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண வீடமைப்பையும் நிர்மாணத்தையும் மாகாணத்தின் அதிகாரத்துள் வைத்தது. ஆயின் 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபைக்கு ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. அதிகாரம் ஏட்டில் இருக்க, அதனைச் செலுத்த வேண்டியவர் ஆசனத்தில் இல்லை.

அடுத்தது ஒப்பந்தம். பெரிய வேலைக்குக் கேள்விப்பத்திரம் சமர்ப்பிப்பவர் உரிய தரத்திற் பதிவுபெற்றிருக்க வேண்டும். முன்செய்த வேலைகளையும் ஆண்டு வரவையும் காட்ட வேண்டும். வங்கிப் பிணையும் கொடுக்க வேண்டும். தரத்தைக் காக்க இவ்விதிகள் வேண்டியவையே. அவற்றை நீக்குமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் மூன்று தசாப்தம் போருக்குள் கிடந்த மாகாணத்தின் ஒப்பந்தகாரர், அந்தக் காலத்துப் பெருவேலைகளை எங்ஙனம் காட்டுவார்? ஆகவே வெளியிலிருந்து வருவோர் ஒப்பந்தத்தைப் பெறுகின்றனர். எம்மவர் அவருக்குக் கீழும், அவருக்குக் கீழானவருக்குக் கீழும் வேலை செய்கின்றனர். அனுபவச் சான்று மேலிருப்பவருக்கே சேர்வதால், அடுத்த கேள்விப்பத்திரத்திலும் எம்மவர் தகுதியற்றவராகின்றனர்.

சிறு ஒப்பந்தகாரரை இதனினும் கொடிதாய் வாட்டுவது பணம் தாமதித்தல். வேலையை முடித்து, அளவையும் ஒப்புக்கொள்ளப்பட்ட பின் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். வங்கி வட்டியோ ஒரு நாளும் காத்திருப்பதில்லை. நீதிமன்றம் செல்ல அவருக்கு உரிமையுண்டு. ஆனால் வழக்குத் தொடுத்தால் அடுத்த வேலை கிடையாது என்ற அச்சம் அவ்வுரிமையை விழுங்கிவிடுகிறது.

வேறு வழி இல்லையா? உண்டு, எம் கண்முன்னே நடந்திருக்கிறது. போருக்குப் பின் இந்திய அரசு அறிவித்த 50,000 வீடுகளிற் பெரும்பகுதி வடக்கு கிழக்கிற் கட்டப்பட்டது. அங்கே வீட்டுக்கு 5,50,000 ரூபா வீதம் பயனாளியின் கணக்குக்கே கட்டங் கட்டமாகப் பணம் சென்றது. வீட்டுக்குரியவர் ஊர் மேசனை அமர்த்தினார். ஊர்க் கடையிற் சாமான் வாங்கினார். பணம் போதாமல் நகையை அடைவு வைத்தோரும் கடன்பட்டோரும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் அப்பணம் ஊருக்குள்ளேயே உலவிற்று. பின்னர் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை, வீடொன்றுக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட செலவில், வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தும் திட்டம் வந்தது. எம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது ஒவ்வாதென்று பொறியியலாளரும் பொருளியல் அறிஞரும் எடுத்துக்காட்டினர், மக்கள் மறுத்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அறிஞர் சொல்லும் மக்கள் நிலைப்பாடும் ஒன்றுசேர்ந்தால் அரசாங்கம் இறங்கிவரும் என்பதற்கு அதுவே சான்று.

ஆதலின் நாம் கேட்பவை மூன்று. பெருவேலைகளை இயன்றவரை சிறு பகுதிகளாகப் பிரித்து மாகாணத்து ஒப்பந்தகாரரும் கேட்கக்கூடியதாகச் செய்க. குளக்கட்டு, வாய்க்கால், கிராம வீதி ஆகிய வேலைகளைக் கமக்காரர் அமைப்புகளுக்கே ஒப்படைக்கும் வழக்கை விரிவாக்குக. இரண்டாவது, ஒப்புக்கொண்ட தொகையைக் குறித்த நாளிற் கொடாத அரசாங்க நிறுவனம் வழக்கின்றியே வட்டியுடன் செலுத்தச் சட்டம் இயற்றுக. மூன்றாவது, மாகாண சபையைக் கூட்டி, அம்மண்ணின் மக்களது சம்மதமின்றிக் கல்லோ மணலோ அகழப்படாதிருக்க வழிசெய்க.

இவை அரசாங்கத்தின் கடமை. எமக்கும் கடமை உண்டு. எமது பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் கொழும்பிலும் கடல் கடந்தும் பிறர் திட்டங்களுக்கு உழைக்கின்றனர். சிறு ஒப்பந்தகாரர் பலரை ஒரு கூட்டு நிறுவனமாக்கவும், பிணைக்கு வழிதேடவும், கேள்விப்பத்திரத்தைப் பிழையின்றி நிரப்பவும் அவர்களது அறிவு ஊருக்குத் தேவை. மேசன் வேலையை மதிப்புள்ள தொழிலாகக் கருதிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் மனப்பாங்கு பெற்றோருக்கு வேண்டும். கமக்காரர் தம் அமைப்புகளின் கணக்கைப் பிறர் குறைகூற இடமின்றி வைத்திருக்க வேண்டும்.

புயலின் பின் வரும் இவ்வேலை சில ஆண்டுகளில் முடிந்துபோகும். அதற்குள் நாம் ஒன்றுபட்டு இவ்வுரிமைகளைப் பெறாவிடின், எம் மண்ணெடுத்துப் பிறர் கட்டும் மாளிகைக்கு நாம் கூலிகளாய்க் கல் சுமந்ததே மிச்சமாகும். காலம் தாழ்த்தலாகாது.