படிப்பகத்திலே ஒரு கணினி!

கோவையிலே பஞ்சாலைத் தொழிலாளியாக உள்ள தோழர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகன் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். கணினிக்கு நிரல் எழுதக் கற்றிட வேண்டும் என்பது அவன் ஆசை. நகரத்துப் பயிற்சிக் கூடம் ஒன்றிலே போய்க் கேட்டார்களாம். 35,000 ரூபாய் கட்டு, மூன்று மாதத்தில் சான்றிதழ் என்றார்களாம். கடன் வாங்கிக் கட்டட்டுமா என்று நம்மைக் கேட்கிறார் தோழர்.

வேண்டாம் என்கிறோம். வட்டிக்கு வாங்காதீர், தோழரே! ஆரம்பப் பாடம் காசின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதை உமக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமற் போயிற்று. அது உமது குற்றமன்று, நமது குற்றம்.

பள்ளிப் பாடநூலையே முதலில் எடுத்துக் கொள்வோம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த பாடத்திட்டத்திலே, பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் சி பிளஸ் பிளஸ் மொழியும், பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் மொழியும் இடம்பெற்றன. தமிழ் வழி நூல்கள். இணையத்திலிருந்து விலையின்றி இறக்கிக் கொள்ளலாம். தோழரின் மகன் வேறு பிரிவிலே படித்தவனாம். அடுத்த வகுப்பறையில் இருந்த புத்தகம் அவன் கண்ணில் படவே இல்லை!

பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் இன்னொன்று. ஏறத்தாழப் பத்து நிமிடப் படங்கள், தமிழ்க் குரலில். கொஞ்சம் பார், நிறுத்து, அதையே நீயும் தட்டச்சு செய் என்பது அதன் முறை. கணியம் அமைப்பினர் எளிய தமிழில் கணினி நூல்களை இலவச மின்னூல்களாகத் தருகின்றனர். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதிட எழில் என்றொரு மொழியும் உண்டு. எழுத்தைத் திரையிலே காட்டப் ‘பதிப்பி’ என்று எழுதினால் போதும். அடிப்படை முடித்தவர்க்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருக்கின்றன. பாடம் கேட்கக் கட்டணமில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம்.

ஆங்கிலம் அறியாதானுக்கு இதெல்லாம் எட்டுமா என்பர் சிலர். பைத்தான் மொழிக்கென ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35! ஸ்பிண்டில், பாபின், கியர், பேரிங் என்று ஆலையிலே எத்தனை அந்நியச் சொற்களை நம் தொழிலாளி நாவிலும் கையிலும் பழக்கிக் கொண்டான்! எந்தக் கல்லூரியிலே கற்றான்? கருத்தைத் தமிழில் புரிந்து கொண்டவன் ‘இஃப்’, ‘எல்ஸ்’ இரண்டையும் ஒரு மாலையில் பிடித்துக் கொள்வான். (பைத்தான் என்றதும் மலைப்பாம்போ என மலைத்திட வேண்டாம்; இங்கிலாந்து நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது அது.)

உண்மையான இடர்ப்பாடு வேறு. பொருள் குறைவாக இருப்பதன்று, குவிந்து கிடப்பது! இன்று ஒரு படம், நாளை வேறொரு நூல், மறுநாள் மற்றொரு மொழி எனத் தாவுகிற பிள்ளை ஆறு திங்கள் கழித்தும் ஒரு நிரல் எழுதியிருக்க மாட்டான். ஒரு நூலைப் பிடிக்கட்டும், முடிக்கும்வரை விடாதிருக்கட்டும். பார்ப்பதோடு நில்லாமல் கையால் எழுதட்டும். பிழை என்று சிவப்பெழுத்து வரும். ஒரு முக்காற்புள்ளி விட்டுப் போனாலும் வரும். எந்த வரியில் பிழை என்று எந்திரமே காட்டுகிறது; அந்த வரியைப் படித்துத் திருத்துவதுதான் பாடமே.

எதை எழுதுவது? அப்பாவின் கூலிக் கணக்கை எழுதட்டுமே! வாரத்தில் 48 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலே இடம்பெற்ற உரிமை. மணிக்கு 100 ரூபாய், 56 மணி வேலை என்று கொடுத்தால், 48 மணிக்கு 4,800, மீதி 8 மணிக்கு 1,600, ஆக 6,400 என்று சொல்ல வேண்டும் நிரல். பத்து வரிகூட ஆகாது. பிறகு சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்திலே வைத்துப் பார்க்கட்டும் தகப்பனும் மகனும்!

இதற்கெல்லாம் இடம் வேண்டாமா? இருக்கிறது. ஒருவர் ஏடு படிக்கப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட படிப்பகங்களிலே வளர்ந்தது நமது இயக்கம். அவற்றிலே பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, அல்லது கேரம் பலகையோடு நிற்கின்றன. விழா நாளில் ஊர் முழுதும் பதாகை கட்டப் பணம் கிடைக்கிறது நமக்கு. மழையிலே கிழிந்து போகிறது பதாகை. அந்தப் பணத்திலே ஒரு பழைய கணினி வாங்கிட முடியாதா? லினக்ஸ் இலவசம், பைத்தான் இலவசம், பழைய எந்திரத்திலும் ஓடும். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்திலே மாணவர் பெற்ற மடிக்கணினி உங்கள் தெருவிலேயே ஏதேனும் ஒரு வீட்டுப் பரணில் உறங்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். சொல்லித் தரப் பொறியியல் படித்த தம்பிமார் எந்தக் கிளையிலே இல்லை? ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

கிளைச் செயலாளர்கள் இம்மாத இறுதிக்குள் நமக்கு எழுதிட வேண்டுகிறோம்: படிப்பகம் எங்கே, கணினி உண்டா, சொல்லித் தர வருபவர் யார். வந்த விவரங்களை ஊர்வாரியாக இதே பக்கத்தில் வெளியிடுவோம். கோவைத் தோழருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு நூலை அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்.