கேபிள் இழுக்கப் பட்டம் எதற்கு என்பவர்களுக்கு

“நெட்வொர்க் என்றால் கேபிள் இழுத்து ரவுட்டர் மாட்டுவதுதானே? மூன்று மாதத்தில் ஒரு சர்டிபிகேட் எடுத்தால் போதும். பல்கலைக்கழகத்தில் ஏழு அடுக்கு, சப்நெட் கணக்கு என்று எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?”

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் மலாக்காவின் மஸ்ஜித் தானா பக்கத்து வீடுகளில் எழும் பேச்சு இது. லொண்டாங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. டுரியான் துங்காலின் யூடெம் பல்கலைக்கழகம் கணினி நெட்வொர்க்குக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. இவ்வளவு அருகில் இருந்தும், “அது வெறும் தியரி” என்று பிள்ளையைத் திருப்பிவிடுகிறோம். அக்கறையில் சொல்வதுதான், ஆனாலும் தவறு, பிள்ளையின் வாழ்க்கையையே சுருக்கிவிடும் தவறு.

அந்தத் தியரி என்ன செய்தது என்று பாருங்கள். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும், சுமார் 400 கஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. கேபிள் அறுபடவில்லை. நெரிசலில் பதில் தாமதமாக, கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலைப் பெருக்கின. நெரிசல் தெரிந்தால் வேகத்தைக் குறை, பிறகு படிப்படியாக ஏற்று என்ற விதியை ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதி வெளியிட்டார். அதன் அடிப்படை இன்றும் இணையத்தை நடத்துகிறது. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. சான்றிதழோ மூன்று ஆண்டில் காலாவதியாகிறது. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு அது உதவும். பட்டத்தோடு சேர்த்து எடுக்கட்டும். பட்டத்துக்குப் பதிலாக அது போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

“இணையம் மெதுவா? பெரிய பிளான் எடு” என்பதும் தியரி வேண்டாம் என்ற அதே நம்பிக்கையின் இன்னொரு முகம். 2005இல் செயல்படத் தொடங்கிய சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை போகிறது. வழியில் நம் மலாக்காவிலும் சென்னையிலும் கொழும்பிலும் கரையேறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 10,000 கிலோமீட்டர் போய்வர 100 மில்லிநொடி ஆகும். எத்தனை மெகாபிட் வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது. முதலாண்டு மாணவனே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவான். பொத்தான்களை மட்டும் பழகியவன் ரவுட்டரை மாற்றிக்கொண்டே இருப்பான்.

என் கோபம் இதைவிடப் பழையது. இந்த நாட்டில் பால்மரம் சீவினோம், ரயில் பாதை போட்டோம். அந்தப் பாதை எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்த அறைகளில் தோட்டத்துத் தமிழர் இல்லை. இன்று, கதவு திறந்திருக்கும்போதே, பிள்ளையைப் பார்த்து ‘உனக்கு ஏணியும் கேபிளும் போதும்’ என்று நாமே சொல்வதா?

நெட்வொர்க்கை விளக்கும் ஏழு அடுக்கின் பெயர்களை வெறுமனே ஒப்புவிக்கச் சொல்லும் வகுப்புகள் இருக்கலாம். அதற்காகப் பாடத்தை விட வேண்டியதில்லை, கற்பிக்கும் முறையை மாற்றினால் போதும். வயர்ஷார்க், நெட்வொர்க்கில் ஓடும் செய்திகளைக் காட்டும் இலவச மென்பொருள். மாணவன் அதை ஓடவிட்டு ஒரு வலைத்தளத்தைத் திறக்கட்டும். பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டி.என்.எஸ். கேள்வியும், அதற்கு வரும் பதிலும், பிறகு இணைப்பை ஏற்படுத்தும் மூன்று செய்திகளும் வரிசையாகத் திரையில் விழும். அடுத்த வகுப்பில் அவன் கேட்கும் கேள்விகளுக்கு விரிவுரையாளர் தயாராக வரவேண்டியிருக்கும்.