எக்ஸ்48ஆ, எக்ஸ்68ஆ: நோய்க் குறியீட்டை யார் எழுதுவது?

பருத்திக் காட்டில் மருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்தவருக்கும், வீட்டில் அதே மருந்தைக் குடித்துவிட்டவருக்கும் மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். சுருங்கிய கண்மணி, வாயில் நுரை, அட்ரோபின் ஊசி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டில், ஆர்கனோபாஸ்பரஸ் விஷம் என்றால் இருவருக்கும் டி60.0 என்ற ஒரே குறியீடுதான். அதனுடன் சேரும் காரணக் குறியீட்டில்தான் வழி பிரிகிறது. தற்செயல் என்றால் எக்ஸ்48, தானே குடித்தது என்றால் எக்ஸ்68, நோக்கத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்றால் ஒய்18. பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை போன்ற ஊருக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. பருத்தி ஆராய்ச்சி நிலையமே இங்குதான் இருக்கிறது. 2017இல் இதே மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் சிலர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இத்தகைய சாவுகள் எக்ஸ்48இல் பதிவானால் தெளிப்பான், முகக்கவசம், மருந்தின் வீரியம் பற்றி வேளாண்மைத் துறை பதில் சொல்ல வேண்டும். எக்ஸ்68இல் பதிவானால் பேச்சே வேறு. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தமிழக அரசு 60 நாள் தடை விதித்தது தற்கொலைகளைக் காரணம் காட்டித்தான்.

இந்தக் குறியீட்டை இனி மென்பொருளே போட்டுக்கொள்ளட்டும் என்ற குரல் இப்போது பலமாகக் கேட்கிறது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-10க்கு மாறியபோது, சுமார் 14 ஆயிரமாக இருந்த நோய்க் குறியீடுகள் 70 ஆயிரத்தை நெருங்கின. எந்தக் கை, எந்தக் கால், முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்பதற்கெல்லாம் தனித்தனி எழுத்து. சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் மெடிக்கல் கோடிங் எனப்படும் இந்தக் குறியீடு போடும் வேலைக்கு ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த கதையில் அந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. இத்தனை குறியீடுகளை மனப்பாடத்தில் வைத்துக்கொள்ள எவராலும் முடியாது. ஒரு எக்ஸ்ரே அறிக்கையைப் படித்து இடது மணிக்கட்டு எலும்பு முறிவு என்று கண்டுபிடிக்க மென்பொருளே போதும். அங்கே மனிதக் கண் வேண்டும் என்று அடம்பிடிப்பது வீண்.

கேஸ் ஷீட் எதைச் சொல்லாமல் விட்டதோ, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க விதிப்படி, விஷம் உடலில் போனதன் நோக்கம் எழுதப்படவில்லை என்றால் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். மென்பொருள் இந்த விதியைப் பிசகாமல் பின்பற்றும். நம் மருத்துவமனைகளில் இதே விதியைப் புகுத்தினால் என்ன ஆகும்? விஷம் என்றாலே போலீஸ் கேஸ். வந்தவுடன் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு நடக்கும். யார் கொண்டுவந்தார், என்ன நடந்ததாகச் சொன்னார் என்பது அதில் கையெழுத்தில் இருக்கும். போலீஸுக்குப் பயந்தோ ஊர் வாய்க்குப் பயந்தோ குடும்பத்தார் 'மருந்து அடிக்கப் போனவர்' என்று சொல்லியிருப்பதும் உண்டு. பயிற்சியுள்ள கோடர் ஏ.ஆர். காப்பியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்புவார். கணினியில் ஏறிய சம்மரியை மட்டும் படிக்கும் மென்பொருளுக்கு, தன்னிடம் வராத தாள் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது.

மனிதர் மட்டும் தப்பே செய்யாதவரா என்று கேட்கலாம். செய்கிறார்கள், நிறையவே. அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் 2023 டிசம்பரில் தவறு அதிகம் நேரும் குறியீடுகளைத் தொகுத்து வெளியிட்டது. அதில் பக்கவாதமும் உண்டு. எப்போதோ வந்து போன பக்கவாதத்தை இன்று வந்ததாகக் குறித்து, அதற்குப் பணமும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் இரண்டு கோடர்கள் ஒரே கேஸில் தவறினால் பெரும்பாலும் வெவ்வேறு விதமாகத் தவறுவார்கள். அந்த வேறுபாடே கோடிங்கைச் சரிபார்க்கும் ஆடிட்டரின் கண்ணில் படும். மென்பொருள் தவறினால் பத்தாயிரம் கேஸிலும் ஒரே மாதிரி தவறும். எல்லாம் ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகமே வராது. கிருமி ஒட்டிய விதைநெல்லை ஊருக்கெல்லாம் கொடுப்பது போன்றது அது.

'கடைசியில் மனிதர் சரிபார்க்கத்தானே போகிறார்' என்பது கோடிங் நிறுவனங்களின் பதில். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. திரையில் விடை ஏற்கெனவே நிற்கிறது. தலைக்கு மேல் மணிக்கு இத்தனை சார்ட் (நோயாளிப் பதிவு) என்ற டார்கெட். ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். மறுத்தால் காரணம் தட்டச்சு செய்ய வேண்டும். இப்படி அமைத்துவிட்டுச் சரிபார்ப்பு நடக்கிறது என்பது சும்மா பேச்சு. சாவுக்கான காரணம், விஷம், காப்பீட்டுத் தொகையைக் கூட்டும் நோய்கள் ஆகியவற்றிலாவது முறையைத் தலைகீழாக்க வேண்டும். கோடர் முதலில் தானே படித்துக் குறியீடு போடட்டும். மென்பொருளின் விடை அதற்குப் பிறகு திரையில் வரட்டும். இரண்டும் மோதும் கேஸ்கள் மட்டும் ஆடிட்டரிடம் போகட்டும். நேரம் கூடும்தான். எல்லாக் கேஸுக்கும் கேட்கவில்லையே.

அரசு மருத்துவமனையில் கோடர் என்ற பணியிடமே அரிது, அங்கே இதெல்லாம் ஆடம்பரம் என்றும் சொல்வார்கள். 2020இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் 22.5 விழுக்காட்டுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. மீதிக்கு அப்படியொரு காரணமே இல்லாதபோது மென்பொருள் எதைப் படிக்கும்? அது படிப்பதற்கு முதலில் யாராவது எழுத வேண்டும். மாவட்டத்துக்கு இரண்டு பேரைப் பயிற்றுவித்து அமர்த்துவது, ஒரு மென்பொருள் உரிமத்தைவிடப் பெரிய செலவாகிவிடாது.

இதெல்லாம் வேலையைக் காப்பாற்றும் வாதம் என்று முத்திரை குத்துவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேப்பந்தட்டை அரசுக் கலைக் கல்லூரி முதல் பெரம்பலூரின் நர்சிங், பார்மசி கல்லூரிகள் வரை படித்துவிட்டு வருவோருக்குக் கோடிங் ஒரு வாசல். மென்பொருள் முதலில் பறிப்பது ஃபிரெஷர்களுக்குத் தரும் எளிய சார்ட்டுகளைத்தான். அந்தச் சார்ட்டுகளில் மூன்று நான்கு ஆண்டுகள் கை பழகியவர்கள்தான் பின்னால் ஆடிட்டர் ஆகிறார்கள். மென்பொருளைத் திருத்தப் போகிறவர்களும் அவர்கள்தான். ஃபிரெஷர்களை எடுப்பதை நிறுத்திவிட்டு, ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஆடிட்டர் தேவை என்று 2030இல் விளம்பரம் செய்தால், விண்ணப்பம் போட யார் இருப்பார்கள்?