மேலே நிற்பவருக்கான பாடம்

2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பரவிய தீயில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள். டோலி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் உண்டு. மலையோர ஊர்களின் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் நடக்கிறார்கள். தாமதம்தான். ஆனாலும், மனம் வைத்தால் பயிற்சி தர முடியும் என்பதற்குக் குரங்கணி சாட்சி.

அந்த அக்கறை கிணறு, செப்டிக் டேங்க் என்று நம் காலடியிலுள்ள குழிகளுக்கு ஏன் வரவில்லை?

கிணறு நிறைந்த நம் ஊர்களில் இதற்கென்று ஒரு படிப்பு இருந்தது. நாள்பட்ட கிணற்றில் தூர்வார இறங்குமுன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் விடுவார்கள். அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது. வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைத்துவிட்டு மறுபடி விளக்கு இறங்கும். பெரியவர் செய்வதைப் பார்த்தே இளையவர் கற்றார். உள்ளே இருக்கும் காற்று ஆளைக் கொல்லுமா என்ற இதே கேள்வியோடுதான் 1890-களில் பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன் நிலக்கரிச் சுரங்கச் சாவுகளை ஆராய்ந்தார். சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னவர் அவர். 1986 வரை அங்கே அந்தக் குருவிகள் பணியில் இருந்தன.

செப்டிக் டேங்க் வந்ததும் அந்தப் பழைய படிப்பு போதாமல் போயிற்று. ஹைட்ரஜன் சல்பைடு ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் தேங்கியிருந்தால் அந்த விளக்கே வெடிக்கவைக்கும். கிணற்றுக்குள் ஆயில் இன்ஜின் ஓட்டினால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடோ முதலில் அழுகிய முட்டையாய் நாறும்; அளவு கூடியதும் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் அதன் உச்சத்துக்குள் இறங்குகிறார். குழி புதிது, வாயு புதிது. அதற்கேற்ற படிப்பை மட்டும் நாம் யாருக்கும் தரவில்லை.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு வீட்டுத் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவர் விழ, அவரைத் தூக்க அடுத்தவர், அவரைத் தூக்க இன்னொருவர். 2022 ஏப்ரலில் மதுரையில் மாநகராட்சியின் கழிவுநீர்த் தொட்டியில் மூவர் இறந்ததும் இப்படித்தான். மூடிய இடங்களில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. பாசமும் பதற்றமும்தான் அந்த இரண்டாவது ஆளை உள்ளே தள்ளுகின்றன. ஆகவே முதல் பாடம் மேலே நிற்பவருக்கு: என்ன நடந்தாலும் இறங்காதே, கயிற்றால் இழு, தீயணைப்புத் துறையைக் கூப்பிடு. அந்தக் கயிறோ, ஆள் உள்ளே போகுமுன்பே அவர் உடம்பில் கட்டியிருக்க வேண்டும்.

பயிற்சி என்று பேசினாலே, மனிதரை உள்ளே இறக்குவதை நியாயப்படுத்துவதாகச் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. கழிவுநீர்க் குழியில் இறங்கும் வேலை பெரும்பாலும் அருந்ததியர் போன்ற சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டது. அதற்குச் சான்றிதழ் கொடுத்து நிரந்தரமாக்குவது கொடுமை. மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. அப்படியும் 1993 முதல் நடந்த இத்தகைய சாவுகளில் தமிழ்நாடே முதலிடம் என்கிறது நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்கு. இயந்திரம்தான் தீர்வு, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் அது எல்லாத் தெருவுக்கும் வரும்வரை இறங்கச் சொல்கிறவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். “இறங்கமாட்டேன்” என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சிதான்.

போடியிலும் மலையடிவார ஊராட்சிகளிலும் இந்தப் பயிற்சியை நாளையே தொடங்கலாம். கழிவுநீர் லாரிக்கு உரிமம் தரும்போது வாயு அளவுமானி, உடலில் மாட்டும் பாதுகாப்பு வார், கயிற்றைத் தாங்கும் முக்காலி, பயிற்சி பெற்ற ஒரு காவலாள் இருப்பதை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். வீட்டுக்காரருக்கும் பாடம் வேண்டும். “கொஞ்சம் இறங்கிப் பாருப்பா” என்று சொல்லுகிறவர் அவர்தானே.