ஒரே விலை, நியாய விலையா?

ஈப்போ கடையில் 2,500 வெள்ளி மடிக்கணினி எல்லாருக்கும் ஒரே விலைதான். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குக் கணினி வாங்கும் பெற்றோர் ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரி விலக்குக் கோரலாம். 25 விழுக்காட்டு வரி வரம்பில் உள்ளவருக்கு அதில் 625 வெள்ளி மிச்சம்.

சுங்கை சிப்புட் பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தில், மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தந்தைக்கு வரியும் இல்லை, விலக்கும் இல்லை. முழு விலையையும் அவரே கொடுக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம் அது!

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வரி கட்டுமளவு வருமானம் இல்லாத வீட்டு மாணவர்களுக்கும் அதே 625 வெள்ளியை அரசாங்கம் பற்றுச்சீட்டாக வழங்கட்டும். அப்போதுதான் ஒரே விலை, நியாய விலையாகும்.