முதல் வண்டியே புல்லட்தானா?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்த பிள்ளை முதல் சம்பளம் வாங்கியதும் வீட்டில் எழும் பேச்சு வண்டியைப் பற்றியது. அதில் தவறில்லை. இரவு ஷிஃப்ட் முடித்து வருபவனுக்குப் பேருந்தும் புறநகர் ரயிலும் எப்போதும் கைகொடுப்பதில்லை. தவறு அடுத்த பேச்சில் தொடங்குகிறது. கியர் மாற்றவே இப்போதுதான் பழகும் பிள்ளைக்கு 350 சிசி வண்டி. அதுவும் வட்டிக் கடனில்!

இதைச் சொல்ல உனக்கென்ன அருகதை என்று கேட்கலாம். என் தங்கை மகன் 19 வயதில் அத்தகைய வண்டி கேட்டபோது ஜாமீன் கையொப்பமிட்டவன் நானே. கடன் 1,80,000 ரூபாய். மாதம் 6,200 வீதம் 36 தவணை. மொத்தம் 2,23,200. கூடுதலான 43,200 ரூபாய்க்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது வட்டியே. அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனத்தை ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மறுநாளே ஷோரூமில் பேனாவைத் திறக்கிறோம்.

நான்காம் மாதம், தச்சூர் கூட்டுச்சாலையில் கண்டெய்னர் லாரிக்கு வழிவிட ஓரமாக ஒதுங்கி நின்றான். ஓடுகையில் அன்று, நிற்கையிலேயே வண்டி சாய்ந்தது. சரளைக்கல்லில் ஊன்றிய கால் வழுக்கியது. 195 கிலோ எடை கணுக்காலின் மீது இறங்கியது. அவன் இரண்டு மாதம் வேலைக்குச் செல்லவில்லை. தவணை மட்டும் தவறாமல் சென்றது.

"வேலைக்குப் போக வேண்டுமே, இது நிர்ப்பந்தம் அல்லவா?" என்பார்கள். நிர்ப்பந்தம் தரும் சலுகை, அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே என்பது ஃபிக்ஹ் படித்த எவரும் அறிந்த விதி. கவரைப்பேட்டையிலிருந்து சிப்காட்டுக்குச் செல்வதற்கு ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் போதும். 97 சிசி, ஏறத்தாழ 112 கிலோ. கையிலுள்ள காசுக்குள் அடங்கும், வட்டியும் இல்லை. ஆக, நிர்ப்பந்தம் கேட்பது வண்டியை; புல்லட்டைக் கேட்பது தெருவின் கண்கள்.

"நம் பக்கத்துத் திருவொற்றியூரில் செய்த வண்டியாயிற்றே" என்ற பெருமையும் உண்டு. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா இராணுவத்தினருக்காகவே முதலில் புல்லட்டுகளைத் தந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மணமகன் வீட்டார் அதையே கைக்கூலியாகக் கேட்கும் இழிவைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஒரு மறுப்பில் நியாயம் உண்டு: 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம், சிறிய வண்டிகளுக்கு அப்போது அது கட்டாயமாக்கப்படவில்லை. ஆயினும் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத்தான் தடுக்கும். சாயும் வண்டியைத் தாங்காது. முதல் வண்டிக்கு என் அளவுகோல் வேறு: இருக்கையில் அமர்ந்தால் இரு பாதமும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும், பிறர் துணையின்றித் தானே தள்ளித் திருப்ப இயல வேண்டும். வாங்கிய அன்றே ஆர்சி, காப்பீடு இரண்டையும் தன் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும்.

பதினெட்டு நிறையாத மகனிடம் சாவியைத் தரும் வாப்பாமாரே, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு உங்களையே குற்றவாளியாக நிறுத்துகிறது: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தொப்பி கலைந்துவிடும் என்று ஜும்ஆவுக்குத் தலைக்கவசமின்றிச் செல்லும் இளைஞர்களே, 129ஆம் பிரிவில் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு உண்டு, தொப்பிக்கு இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன நபிமொழியை எத்தனை முறை கேட்டிருப்போம்!

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் எனக்குக் கேள்வி உண்டு. பைத்துல்மாலிலிருந்து ஒரு பழைய வண்டிக்கு அழகிய கடன் தர இயலாதா? நாற்பதாயிரம் ரூபாய், மாதம் இரண்டாயிரம் வீதம் இருபது மாதத்தில் திரும்பிவிடும். வட்டிக்கு எதிராக ஓராண்டு பயான் செய்வதைவிட இதுவே அதிகம் பேரைக் காக்கும் என்று, வருகின்ற பொதுக்குழுவில் இன்ஷா அல்லாஹ் எழுந்து கேட்கப்போகிறேன். என் மருமகனையும் அழைத்து வருவேன். அவனுக்கு இன்னும் பதினான்கு தவணை பாக்கி.